307-ஆம் இடத்தில் ஒரு பாடபேதம்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலை, அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நானும் என் நண்பரும் உட்கார்ந்திருந்தோம். நண்பர் நான் பணியாற்றும் கல்லூரியில் வணிகவியல் கற்பிப்பவர், ஆவடியில் வீடு. பித்தப்பையில் கல். மறுநாள் காலை அறுவை. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், இளம் பெண், வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சர்க்கரை உண்டா, இளைப்பு உண்டா, கட்டுப்பல் இருக்கிறதா, இதற்குமுன் அறுவை நடந்திருக்கிறதா. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டபின் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வீட்ல தெலுங்கு பேசுவீங்களா சார்?" என்றார். ஆமென்றார் நண்பர். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க ஆரிய வைசியாவா?"

நண்பரின் முகம் மாறிற்று. பெயரின் வாலாக வந்த சாதிப் பட்டத்தை இருபது வயதில் வெட்டிப் போட்டவர் அவர். "ஆபரேஷனுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார், வகுப்பில் பேசும் குரலில்.

"சம்பந்தம் இருக்கு சார். நான் கோயமுத்தூர்ல படிச்சேன். அங்க இதைக் கேட்காம விடமாட்டோம்."

இரண்டு நிமிடம் விளக்கிவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வர ஒரு நாளாயிற்று. அறுவையும் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. நண்பரின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட நொதி, அதாவது என்சைம், ஏறக்குறைய இல்லவேயில்லை என்று வந்தது. வேறொரு மருந்தைக் கொண்டு அறுவை செய்தார்கள். ஒரு குறையுமில்லாமல் வீடு திரும்பினார். ஆனால் அன்றிரவு அவர் என்னிடம் கேட்டது தம் உடம்பைப் பற்றியல்ல. "பெரியவளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம். இதை வெளியில சொல்லலாமா, கூடாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இதில் என்ன தெரியும்? பிறகு சில மாதங்கள் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள நண்பர் ஒப்புதல் தந்திருக்கிறார்.

*

கதை ரத்தத்திலிருந்து தொடங்கவில்லை, ஒரு மருந்திலிருந்து தொடங்குகிறது. நரம்பு தசைக்கு ஆணையிடும்போது அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சிறு துளியாகச் சுரக்கிறது. தசை சுருங்குகிறது. அடுத்த கணமே அந்தத் துளியை ஒரு நொதி வெட்டி அழித்துவிட, தசை தளர்ந்து அடுத்த ஆணைக்குக் காத்திருக்கிறது. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வால்பக்கமாக ஒட்டவைத்தது போன்ற ஒரு பொருள் உண்டு. சக்சினைல்கோலின் என்று பெயர். நம் ஊர் அறுவை அரங்குகளில் அதன் பழைய வணிகப் பெயரால் ஸ்கோலின் என்றே சொல்வார்கள். இது தசையைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. தசை ஒருமுறை துடித்துவிட்டு, பின் எந்த ஆணைக்கும் அசையாமல் கிடக்கும்.

1906-இல் அமெரிக்காவில் ரீட் ஹன்ட், டவோ என்ற இருவர் இப்பொருளை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது ரத்த அழுத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை. விலங்குகள் அசையாமலிருக்க முன்கூட்டியே குராரே என்னும் நச்சைக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே தசை செயலிழந்த விலங்கில், தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்தின் குணம் எப்படித் தெரியும்? கையிலிருந்ததைக் காணாமலே கட்டுரையை முடித்துவிட்டார்கள். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1949-இல், ரோமில் டேனியல் போவே குழுவினர் அதைக் கண்டார்கள். 1951-க்குள் ஸ்டாக்ஹோமிலும் வியன்னாவிலும் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். போவேவுக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தது. தசை தளர்த்திகள் பற்றிய பணியும் அதற்கொரு காரணம்.

மருத்துவர்கள் இம்மருந்தை விரும்பியதற்குக் காரணம் அதன் வேகம். ஊசி போட்ட ஒரு நிமிடத்தில் தொண்டைத் தசைகள் தளரும். மூச்சுக்குழலில் குழாயைச் செலுத்திவிடலாம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மருந்து கரைந்து நோயாளி தாமே மூச்சுவிடத் தொடங்குவார். கரைப்பது யார்? நரம்பின் முனையிலிருக்கும் நொதியால் இதை வெட்ட இயலாது. ரத்தத்தின் தெளிநீரில் இன்னொரு நொதி மிதந்துகொண்டிருக்கிறது, அதுதான் வெட்டுகிறது. அப்படியொரு நொதி இருக்கக்கூடும் என்று 1914-இலேயே ஹென்றி டேல் ஊகித்திருந்தார். 1932-இல் குதிரையின் ரத்தத் தெளிநீரில் கண்டு அதற்குக் கோலின் எஸ்டரேஸ் என்று பெயரிட்டார்கள். சிவப்பணுவில் இருப்பதும் தெளிநீரில் இருப்பதும் வெவ்வேறு நொதிகள் என்பது 1940-இல் தெரிந்தது. தெளிநீரில் இருப்பதற்குப் 'போலி' என்ற அடைமொழியைச் சேர்த்தார்கள். கோலின் எஸ்டர்களை மட்டுமன்றி வேறு எஸ்டர்களையும் அது வெட்டுவதால் வந்த பெயர். இன்று அதைப் பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ் என்கிறார்கள். பெயர் நீண்டதே தவிர, இயல்பான வாழ்க்கையில் அதன் வேலை என்ன என்பதில் தெளிவு இன்றும் முழுமையாக வரவில்லை.

மருந்து புழக்கத்துக்கு வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே விபரீதங்கள் தெரியலாயின. ஆயிரக்கணக்கானவர்கள் பத்து நிமிடத்தில் விழித்துக்கொள்ள, எங்கோ ஒருவர் மட்டும் மணிக்கணக்கில் மூச்சின்றிக் கிடந்தார். மருத்துவர் பையை அழுத்திக் காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால் பிழைப்பார். காரணம் புரியாமல் கைவிட்டால் இறப்பார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஸ்கோலின் தசையைத்தான் கட்டுகிறது, அறிவை அல்ல. மயக்கம் தெளிந்தபின்னும் தசை தளர்ந்தே இருந்தால், நோயாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இமையைக்கூட அசைக்க முடியாமல் படுத்திருக்க நேரும்.

*

இப்புதிரை விடுவித்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். இருவரும் ஜெர்மனியில் பிறந்து வேற்று நாட்டில் வாழ்ந்தவர்கள்.

முதலாமவர் ஹெர்மன் லேமன். யூதர், ஹிட்லர் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்தவர், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்தவர். தமிழ்நாட்டாருக்கு அவரை நினைவில் வைக்க வேறு காரணமும் உண்டு. 1952-இல் மேரி கட்புஷ் என்பவருடன் சேர்ந்து, நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள்செல் மரபணு இருப்பதை அறிவித்தவர் அவரே. 1956-இல் ரையன் என்பவரோடு சேர்ந்து, தெளிநீர் நொதி குறைவாக இருப்பது சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்று காட்டினார். ஆக இது நோயின் விளைவோ சத்துக்குறைவோ மட்டுமன்று, பிறப்போடு வருவது.

இரண்டாமவர் டொரண்டோவில் பணியாற்றிய வெர்னர் காலோ. எல்லோரும் நொதி குறைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இருக்கும் நொதி அதே நொதிதானா என்று கேட்டவர் அவர். டிபுக்கைன் என்னும் மரப்பு மருந்து இந்நொதியின் வேலையைத் தடுக்கக்கூடியது. சாதாரண மனிதரின் தெளிநீரில் சிறிதளவு டிபுக்கைன் சேர்த்தால் நொதியின் வேலையில் ஏறக்குறைய 80 விழுக்காடு நின்றுபோகும். ஸ்கோலினால் மூச்சு நின்றவர்களின் தெளிநீரில் 20 விழுக்காடு மட்டுமே நின்றது. அவர்களிடம் இருந்தது குறைந்த நொதியல்ல, வேறு நொதி. அவர்களுடைய பெற்றோரைச் சோதித்தபோது எண் 60-ஐ ஒட்டி வந்தது: பாதி ஒருவகை, பாதி மற்றொரு வகை. மெண்டல் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை எண்ணிக் கண்டதை, ரத்தத்தைத் தொட்டுப் பார்த்து எண்ணாகச் சொல்ல முடிந்தது. காலோவும் ஜெனெஸ்டும் இம்முறையை 1957-இல் வெளியிட்டார்கள். மருந்துக்கு உடல் காட்டும் எதிர்வினை பரம்பரையாக வருவதைப் படிக்கும் துறைக்கு 1959-இல் ஒரு பெயர் சூட்டப்பட்டது; 1962-இல் அத்துறையின் முதல் நூலை எழுதியவர் காலோ.

அதே 1962-இல் லேமன் இன்னொரு வகையைக் கண்டார். லிடெல், சில்க் ஆகியோருடன் எழுதிய சிறு கட்டுரையில் அதை 'மௌன மரபணு' என்றார்கள். இந்த மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவரின் தெளிநீரில் நொதியின் வேலை என்பதே கிடையாது. டிபுக்கைன் சேர்த்து அளப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை. நல்ல பெயர். பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பது; கேட்கப்படாதவரை தெரியாமலிருப்பது.

ஐரோப்பியர்களிடம் இது லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் அபூர்வம். 1967-இல் அலாஸ்காவின் எஸ்கிமோக்களிடையே இது அடிக்கடி காணப்படுகிறது என்று ஒரு குழு எழுதியது. அதில் வியப்பில்லை. பனிக்கட்டியால் சூழப்பட்ட சிறு மக்கள் கூட்டம், தமக்குள்ளேயே மணந்துகொள்வது இயல்பு. 1979-இல் ராவ், கோபாலம் என்னும் இருவர் ஆந்திரத்து வைசியர்களிடம் மௌன மரபணு மிகுதியாக இருப்பதை அறிவித்ததுதான் வியப்பு. இவர்கள் பனித்தீவில் இருப்பவர்கள் அல்லர். கடைவீதியின் நடுவில், நாள் முழுதும் எல்லாச் சாதியாரும் வந்துபோகும் கல்லாவின் முன் அமர்ந்திருப்பவர்கள். பூந்தமல்லியிலோ திருவள்ளூரிலோ பழைய மளிகைக்கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் இது புரியும். அலாஸ்காவில் பனி செய்ததை இங்கே மணவிதி செய்திருக்கிறது.

*

1979-இல் இருந்தது ஒரு செய்தி மட்டுமே. மரபணு மௌனமாக இருக்கிறது. ஏன் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முதலில் மரபணுவையே படித்தாக வேண்டும்.

இந்தப் பகுதியில் எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவு வந்துகொண்டேயிருந்தது. மூலம் சிதைந்த இடத்தில் உரையைக் கொண்டு மூலத்தை ஊகிப்பதும், உரை மயங்கும் இடத்தில் மூலத்தைக் கொண்டு உரையைத் திருத்துவதும் பதிப்பாசிரியரின் வேலை. மரபணு மூலம் என்றால், அதன்படி உடல் செய்யும் புரதம் உரை. அப்போது மரபணுவை நேரே தேடிப் பிடிப்பது கடினம். புரதத்திலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. ஒரு லிட்டர் ரத்தத் தெளிநீரில் இந்நொதி ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிகிராம்தான் இருக்கும். அதைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று படித்து, துண்டுகளை மீண்டும் வரிசைப்படுத்தினார் ஒக்ஸானா லாக்ரிட்ஜ் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1987-இல் முழு வரிசையும் வெளியாயிற்று: 574 அமினோ அமிலங்கள், அப்படிப்பட்ட நான்கு சங்கிலிகள் சேர்ந்தது ஒரு நொதி.

அதே ஆண்டில் இஸ்ரேலில் ஹெர்மோனா சோரெக்கின் குழு கருத்திசுக்களிலிருந்தும், லாக்ரிட்ஜின் குழு மூளைத் திசுவிலிருந்தும் மரபணுவின் நகலைப் பிடித்துவிட்டன. புரத வரிசையில் சிறு பகுதியை எடுத்து, அதற்கு மூலமாக இருந்திருக்கக்கூடிய எழுத்துகளைச் செயற்கையாக எழுதி, அதைத் தூண்டிலாக்கி, லட்சக்கணக்கான நகல்களிடையே பொருந்துவதைத் தேடும் முறை அது. (1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. சரியாக நூறாண்டு இடைவெளி. இதில் பொருள் ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்திருந்தது, சொல்கிறேன்.) மரபணுவுக்குப் பிசிஎச்இ என்று பெயர். மூன்றாம் குரோமோசோமின் நீண்ட கையில், நான்கு பகுதிகளாகச் சிதறி எழுதப்பட்டிருக்கிறது. 1989-இல் காலோ கண்ட வேறுவகை நொதியின் காரணமும் தெரிந்தது: 70-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

வைசியர்களின் மௌனத்துக்குக் காரணம் தெரிய மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. அதைக் கண்டது கோவைத் தொடர்புள்ள ஆய்வு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் ரத்னம் பூபதி, இந்துமதி மனோகரன் ஆகியோர், அதற்குள் நெப்ராஸ்காவுக்குப் பெயர்ந்திருந்த லாக்ரிட்ஜுடன் சேர்ந்து, கோவை வட்டார வைசியர்களின் ரத்தத்தைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். 307-ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டும், புரோலின் இருந்தது. மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். ஆனால் புரோலின் மற்ற அமினோ அமிலங்களைப் போல வளைந்துகொடுப்பதன்று. சங்கிலியை அந்த இடத்தில் முறுக்கிவிடும். முறுக்கிய சங்கிலி சரியாக மடியாது. சரியாக மடியாத புரதத்தைச் செல் வெளியே அனுப்பத் தயங்கும். இப்போதைய எண்முறையில், தொடக்கத்தில் வந்து பின்னர் வெட்டப்படும் 28 அமினோ அமிலங்களையும் சேர்த்து, இதே இடத்தை 335 என்று எழுதுகிறார்கள். வெவ்வேறு பதிப்புகளில் பாட்டெண் மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது குழப்பமாக இராது.

கோவை வைசியர்களில் 24 பேருக்கு ஒருவர் மௌன மரபணு இரண்டையும் பெற்றவர் என்றது ஆய்வு. ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 4000 மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒன்றை மட்டும் பெற்று எந்தத் தொல்லையுமின்றி இருப்பவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இருக்க வேண்டும். ஓர் ஊரின் எண்ணை ஒரு சமூகம் முழுமைக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, வைசியர்களிடம் இக்குறை மற்றவர்களைவிடச் சுமார் நூறு மடங்கு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது.

*

இது எப்படி நேர்ந்தது? ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவினரும் 2009-இல் 25 இந்தியச் சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுத் தொகையை ஒப்பிட்டார்கள். வைசியர்கள் மிகச் சிறிய தொடக்கக் குழுவிலிருந்து பெருகியவர்கள் என்றும், அச்சுருக்கம் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்றும், அதன்பின் வெளியிலிருந்து கலப்பு ஏறக்குறைய இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள். முன்னோர் சிலரில் ஒருவரிடம் தற்செயலாக இருந்த எழுத்துப்பிழை, அவர் சந்ததி லட்சக்கணக்காகப் பெருகும்போது தானும் பெருகிற்று. பிரதி செய்தவர்கள் அனைவரும் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதினால் அந்த ஏட்டின் பிழை எல்லா ஏட்டிலும் வருவதைப் போல.

இலக்கிய மாணவனுக்கு இந்த இடத்தில் ஒரு சபலம் எழும். வைசியர்களின் குலதெய்வமான வாசவி கன்னிகா பரமேசுவரியின் கதையை நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். பெனுகொண்டாவில் அரசன் விஷ்ணுவர்த்தனன் அவளை மணக்கக் கேட்கிறான். குலத்துக்கு வெளியே மணம் இல்லையென்று அவள் மறுத்துத் தீப்புகுகிறாள். 714 கோத்திரத்தாரில் 102 கோத்திரத்தார் அவளோடு நிற்கிறார்கள். ஏனையோர் பிரிந்து போகிறார்கள். இன்றைய சமூகம் அந்த 102-இன் வழிவந்தது என்பது மரபு. ஒரு மக்கள்திரள் சுருங்கியதையும் வெளிமணம் மறுக்கப்பட்டதையும் ஒருசேரச் சொல்லும் கதை! மரபணு ஆய்வாளர் சொல்வதும் அதுவே அல்லவா என்று துள்ளத் தோன்றும். துள்ளக் கூடாது. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காலம் இடைக்காலம். மரபணு காட்டும் சுருக்கம் அதைவிட ஆயிரம் ஆண்டுக்குமேல் பழையது. கதை சுருக்கத்தின் நினைவு அன்று. நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு வழக்கத்துக்குப் பின்னால் எழுதப்பட்ட காரணம் என்றே நான் கொள்கிறேன்.

இதை ஒரு சமூகத்தின் மீது சுட்டுவிரல் நீட்டும் செய்தியாகப் படிப்பதும் தவறு. மேற்சொன்ன 2017 ஆய்வு பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களின் தொடக்கச் சுருக்கம், அதற்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் ஐரோப்பிய யூதர்களையும்விடக் கடுமையானது. நம்மில் பலரின் ஏட்டிலும் ஏதோவோர் இடத்தில் ஏதோவொரு பாடபேதம் இருக்கிறது. வைசியர்களுடையதை ஸ்கோலின் காட்டிக்கொடுத்தது. மற்றவற்றைக் காட்டிக்கொடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை, அல்லது வந்தும் யாரும் கவனிக்கவில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கோவைக் குழுவினர் 2007-இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். நொதியே இல்லாத வைசியர்களின் உடல்நலம் எப்படி இருக்கிறது என்பதே அதன் பொருள். நலமாக இருக்கிறார்கள், முதுமை வரை வாழ்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள் என்பதே விடை. ஸ்கோலினும் அதையொத்த மிவாக்கூரியமும் ஆகாது. பூச்சிமருந்தைத் தாங்கும் ஆற்றலும் குறைவாக இருக்கலாம், ஏனெனில் ரத்தத்தில் அந்நச்சின் ஒரு பகுதியை முதலில் பிடித்துக்கொள்வது இந்நொதிதான். பூச்சிமருந்து உண்டவரென்று ஐயமுள்ளவருக்கு நம் மருத்துவமனைகளில் அளப்பதும் இதே நொதியை. ஆகவே பிறப்பிலேயே இது இல்லாத ஒருவர் வேறு காரணத்தால் மயங்கிக் கிடந்தால், பரிசோதனைத் தாள் மருத்துவரைத் திசைதிருப்பக்கூடும். அவ்வளவே. ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படும்வரை இது ஒரு குறையாகவே இருந்ததில்லை.

சாதியைக் கேட்டது சரியா? பல நாள் யோசித்தேன். நிதானமான அறுவையென்றால் கேட்கவே தேவையில்லை. ரத்தத்தைச் சோதித்தால் போதும், வேறு மருந்துகளும் உள்ளன. வைசியர் பெரும்பாலோர்க்கு இக்குறை இல்லை, வைசியரல்லாதார் சிலர்க்கு உண்டு; எனவே சாதி ஒரு தோராயமான அடையாளம் மட்டுமே. ஆனால் நள்ளிரவில் விபத்தில் வந்தவருக்கு உடனே குழாய் செலுத்த வேண்டியிருக்கையில், சோதனைக்கூடம் திறக்கக் காத்திருக்க முடியாது. அப்போது அந்தக் கேள்வி உயிர்காக்கும். காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பின்னால் கேட்டிருந்தால் நண்பர் முகம் அவ்வளவு சிவந்திருக்காது என்பது என் எண்ணம். நண்பரோ, எப்படிக் கேட்டிருந்தாலும் சிவந்திருக்கும் என்கிறார்.

படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். 2007-இன் கட்டுரையை மட்டும் இரண்டுமுறை விளக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெண்கள் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். நெல்லூரில் இருக்கும் அண்ணனுக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அவர் இன்னும் சோதித்துக்கொள்ளவில்லை. பெரியவளுக்குப் பார்த்த வரன் வீட்டாரிடம் சொன்னதற்கு, மாப்பிள்ளையின் தந்தை, "எங்கள்லயும் யாருக்காவது இருக்கும்" என்றாராம்.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில், 'இவருக்கு ஸ்கோலின் கொடுக்கக் கூடாது' என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு, பணப்பையில் வைக்கும் அளவில் வெட்டி லேமினேட் செய்துகொண்டார். நான் உடனிருந்தேன். கடைக்காரப் பையன் எத்தனை காப்பி என்று கேட்டான். "நாலு" என்றவர், யோசித்து, "அஞ்சாப் போடுப்பா, அண்ணனுக்கும் ஒண்ணு" என்றார்.